எரியோட்டுக்கு எண்பது சுற்று

ஜூன் 14, சனி

காத்து. விடிந்ததிலிருந்து ஓயவில்லை. இரண்டு தடவை கூட்டியும் தரையில் மண் நெறுநெறு. மாடியில் நசீமா காயப்போட்ட போர்வை எங்கள் முருங்கை மரத்தில்.

செய்ய வேண்டியவை: கேஸ் பதிவு. மாவு அரைக்க. பல் டாக்டர் (அடுத்த வாரம் பார்க்கலாம்).

பத்து மணிக்கு அஃப்ரின் இறங்கி வந்தாள். மாடியில் குடியிருக்கும் நசீமாவின் மகள், ஐந்தாம் வகுப்பு. கையில் ஜாமெட்ரி பாக்ஸ். திறந்தால் பணம். பக்ரீத்துக்கு மாமாக்களும் பெரியத்தாவும் கொடுத்தது, எண்ணூற்றைம்பது.

"டீச்சர், இதுக்கு ரயில் கெடைக்குமா?"

"டிக்கெட்டா?"

"இல்ல. ரயிலு."

அவள் அத்தாவின், அதாவது அப்பாவின், போனில் வீடியோ பார்த்திருக்கிறாள். வெளிநாட்டுக் கிழவர் ஒருவர் வீடெல்லாம் குட்டித் தண்டவாளம் போட்டு ரயில் ஓட்டுகிறாராம். பொம்மை இல்லையாம். நிஜ ரயிலை எண்பத்தேழில் ஒரு பங்காகச் சுருக்கியதாம். எல்லாம் அவள்தான் சொன்னாள். எனக்கு இதில் ஒன்றும் தெரியாது. ஆனால் எண்பத்தேழு! நூறு இல்லை, ஐம்பது இல்லை. முப்பத்து நாலு வருஷம் கணக்கு டீச்சராக இருந்தவள் முன்னால் இப்படி ஓர் எண்ணைக் கொண்டுவந்து வைத்தால் சும்மா இருக்க முடியுமா?

"நானும் போடறேன்," என்று சொல்லிவிட்டேன். மொத்தம் மூவாயிரத்தைத் தாண்டக் கூடாது. கை குலுக்கினோம்.

இவர் பேப்பருக்குப் பின்னாலிருந்து: "ரயிலா? இந்த வீட்டுக்குள்ளயா?"

அரசு பஸ் டிரைவராக இருந்து ஓய்வு பெற்றவர். ரயில் என்றாலே ஆகாது. காரணம் ரயில்வே கேட். "அவன் பாட்டுக்குக் கேட்டப் போட்ருவான். இருவது நிமிசம் நிக்கணும். லேட்டாப் போனா டைம் கீப்பர்ட்ட நாந்தான் பதில் சொல்லணும். ரயில்காரனா வந்து சொல்வான்?" கல்யாணமான வாரத்தில் கேட்ட அதே வசனம். ஒரு சொல் மாறவில்லை.

மாவு அரைக்க மறந்துபோச்சு.

ஜூன் 15, ஞாயிறு

ரயில் வந்துவிட்டது!

பழைய சாமான் விற்கும் ஆப்பில் அஃப்ரின் கண்டுபிடித்தாள். பழனி ரோட்டுப் பக்கம் ஒரு வீடு. மகன் வெளிநாடு போய்விட்டானாம், அப்பா விற்கிறார். நானும் அவளும் கிளம்பினோம். வரமாட்டேன் என்ற இவர் சட்டை போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். "ரெண்டு பேரையும் ஏமாத்திருவாங்கெ."

பச்சை எஞ்சின் 1. பெட்டி 2 (ஒன்றில் ஜன்னல் உடைசல்). வளைந்த தண்டவாளம் 12 துண்டு. சேர்த்தால் ஒரு முழு வட்டம். ஓட்டுகிற பெட்டி, கன்ட்ரோலரோ என்னமோ, அது இல்லை.

இவர் எஞ்சினைத் தூக்கிப் பல்லைப் பார்க்கிற மாதிரி சக்கரத்தைப் பார்த்தார். ஆடு வாங்குகிறவர் தோரணை. "இம்புட்டுப் பெட்டிக்கு இம்புட்டு ரூவாயா?" அந்த மனிதர் ஒரு சின்னச் சதுர பேட்டரியைத் தண்டவாளத்தில் வைத்துக் காட்டினார். எஞ்சின் ஒரு சாண் ஓடியது. அஃப்ரின் மூச்சை இழுத்த சத்தம் கேட்டு அவர் முந்நூறு குறைத்தார். இவர் பேசிக் குறைத்தது ஐம்பது.

பஸ்ஸில் திரும்பும்போது பெட்டியை மடியில் வைத்துக்கொண்டது இவர். "குலுங்கும். நீ ஒழுங்காப் பிடிக்க மாட்ட."

ஜூன் 16, திங்கள்

பலகை: மாடி கட்டும்போது மிஞ்சிய பிளைவுட், நாலடிக்கு நாலடி. பரணில் பத்து வருஷமாகக் கிடந்தது. கரையான் ஒரு மூலை மட்டும் தின்றிருக்கிறது. பரவாயில்லை.

மேலே விரிக்க ஏதாவது வேண்டும். இவருடைய பணி நிறைவு விழா ஃப்ளெக்ஸ் அதே பரணில் சுருட்டி இருந்தது. வெள்ளைப் பக்கம் மேலே வரட்டும் என்றேன். அஃப்ரின் கேட்கவில்லை. "டிரைவர் தாத்தா மொகம் மேல பாக்கட்டும் டீச்சர். நல்லாருக்கும்."

இப்போது ரயில் இவர் முகத்தைச் சுற்றி வரும். வலது காது ஓரம் பிளாட்பாரம் (அகர்பத்தி டப்பா). மீசைக்குக் கீழே ஊர்.

இவர் வந்து நின்று பார்த்தார். "மூஞ்சியச் சுத்தி ரயில விட்ருக்கியே. பஸ் ஓட்டுனவனுக்கு இதுதான் மரியாதையா?" உள்ளே போனார். திரும்பி வந்தார். "அந்த மாலைப் பக்கம் சுருக்கமா இருக்கு. இழுத்துக் கட்டு."

சதுர பேட்டரி பத்து நிமிஷத்தில் செத்தது. இன்னொன்று வாங்கினோம். அதுவும்.

ஜூன் 17, செவ்வாய்

ஸ்கேல் வைத்து அளந்தேன். வட்டத்தின் ஒரு சுற்று 2.87 மீட்டர். சரியாக எண்பத்தேழை முடிவில் வைத்துக்கொண்டு! தற்செயல்தான். ஆனாலும் சந்தோஷம்.

அஃப்ரின்: "இதுல மெட்ராஸுக்குப் போக முடியுமா?"

முடியும். ஏன் முடியாது? நிஜ தூரத்தை 87ஆல் வகுத்தால் குட்டித் தூரம். அதைச் சுற்றின் நீளத்தால் வகுத்தால் எத்தனை சுற்று என்று வந்துவிடும். சுவரில் சாக்பீஸால் போட்டேன் (இவர் பார்க்கவில்லை). திண்டுக்கல்லிலிருந்து சென்னைக்கு ஆயிரத்து அறுநூற்றுச் சொச்சம் சுற்று. சுற்றுக்குப் பன்னிரண்டு விநாடி என்றால் ஐந்தரை மணி நேரம். அவளே வேண்டாம் என்றாள். பழனி? இருநூற்று நாற்பது பக்கம். அதுவும் அதிகம்.

எரியோடு சொன்னேன். அங்கே ரெண்டு வருஷம் வேலை பார்த்திருக்கிறேன். கரூர் லைனில் பக்கத்து ஊர். சுமாராக இருபது கிலோமீட்டர் என்று வைத்துக்கொண்டால், எண்பது சுற்று. புள்ளிக்குப் பின்னால் ஒரு ஒன்று வருகிறது.

"அந்தப் புள்ளி ஒன்ன என்ன பண்றது டீச்சர்?"

"பிளாட்பாரத்துல நிக்கறதுக்கு வச்சுக்க."

எண்பது சுற்றுக்குப் பதினாறு நிமிஷம். நிஜ ரயிலும் ஏறக்குறைய அவ்வளவுதான் எடுக்கும். அவளுக்கு இது பிடிபட்ட நிமிஷம் முகத்தில் தெரிந்தது. "அப்ப இது சும்மா சுத்தல. நெசமாவே போகுது."

ஆமாம், நெசமாவே போகுது என்றேன். சொல்லியிருக்க வேண்டாமோ?

ஜூன் 19, வியாழன்

சொல்லியிருக்க வேண்டாம்.

சாயங்காலம் நசீமா வந்தாள். பாதிச் சிரிப்பு, பாதி அழுகை. "டீச்சர், இவ வாய அடக்க ஒரு வழி சொல்லுங்க. வகுப்புல போயி, எங்க வீட்ல எரியோட்டுக்குப் போற ரயில் இருக்குன்னு சொல்லிருக்கா."

இதில் பொய் எங்கே என்று கேட்டேன். கேட்ட பிறகுதான் கதை வந்தது. இந்த வருஷம் பள்ளிக்கூடம் திறந்த இந்த மூணு வாரத்தில் அஃப்ரின் வகுப்பில் சொன்னவை:

மாடியில் மயில் வளர்க்கிறோம்.
பெரியத்தா வீட்டில் ஒட்டகம்.
அத்தா கடையில் கலெக்டருக்குக் காலளவு எடுத்துச் செருப்பு தைத்தார்கள்.

ஒன்றும் இல்லை. அத்தா கடை செருப்புக் கடை என்பது மட்டும் உண்மை. ஆகவே அவளுக்கு வகுப்பில் பெயர் பொய் எஃப்.எம். வைத்தது மித்ரா என்ற பெண். வாய் திறந்தாலே, "எஃப்.எம். ஆன் ஆயிருச்சுடி" என்பாளாம். நேற்று ரயில் என்றதும் வகுப்பே சிரித்திருக்கிறது. மித்ராவின் அம்மாச்சி ஊர் எரியோடு. விடுவாளா? "வாரேன். வந்து ஏறிப் பாக்கறேன்," என்றிருக்கிறாள். இவளும், "வாங்க, 29ஆந்தேதி ஞாயித்துக்கிழம, எண்பது சுத்து, எண்ணிப் பாருங்க," என்று ஆறு பேரை அழைத்துவிட்டாள்.

நசீமா போன பிறகு அஃப்ரின் கதவோரம்.

"டீச்சர், அந்த மயிலு, ஒட்டகம் எல்லாம் நான் சும்மா சொன்னேன். இந்த ஒரு தடவதான் நெசம்."

என்ன சொல்வது? யோசித்தேன். உதாரணத்துக்கு: ஏழெட்டு ஐம்பத்து நாலு என்று எழுதுகிற பிள்ளை ஒரு ரகம். தவறு. சொல்லிக்கொடுத்தால் திருந்தும். மாடியில் மயிலை உட்காரவைக்கிற பிள்ளை வேறு ரகம். அதற்குச் சிவப்பு மையில் குறி போட எனக்குத் தெரியவில்லை. ஆனால் பொய் சொல்லி வந்த பிள்ளை ஒரு நாள் உண்மையைச் சொல்லி, அன்றைக்கு ரயில் ஓடாமல் போனால், அப்புறம் எதற்கு உண்மை சொல்ல வேண்டும் அவள்?

அந்த உண்மையும் நான் போட்ட கணக்கு.

ரயிலுக்கு இன்னும் கரன்ட் இல்லை. பத்து நாள்.

ஜூன் 20, வெள்ளி

பாண்டி வந்தான். சித்தையன்கோட்டைப் பக்கம் கத்தரி, தக்காளி போடுகிறான். என்னிடம் ஒன்பதாம் வகுப்பு, கணக்கில் பதினொன்று வாங்கியவன். திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு வந்தால் ஒரு பை கத்தரிக்காய் கொடுக்காமல் போக மாட்டான். (பை முழுக்க. இன்றும் நாளையும் அதுதான் வெஞ்சனம்.)

தரையில் தண்டவாளத்தைப் பார்த்து உட்கார்ந்துவிட்டான். எத்தனை வோல்ட் என்று கேட்டான். பன்னிரண்டு என்றாள் அஃப்ரின்.

"எந் தோள்ல மாட்டிக்கிட்டு மருந்தடிக்கிற டேங்க் இருக்குல்ல டீச்சர், அதுல இருக்கறதும் பன்னண்டு வோல்ட் பேட்டரிதான். வேகமா அடிக்க, மெதுவா அடிக்க, திருகுற குமிழ் வேற இருக்கு. கொண்டாரவா?"

பதினொன்று மார்க் போட்ட கையைப் பார்த்துக்கொண்டேன்.

ஜூன் 21, சனி

டேங்க் வந்தது. மூணு தடவை அலசியிருக்கிறான், ஆனாலும் மருந்து வாடை. வீட்டுக்குள் கூடாது என்று சொல்லிவிட்டேன். வெளியே ஜன்னலுக்குக் கீழே ஸ்டூல் போட்டு டேங்க். மோட்டாருக்குப் போகிற ரெண்டு ஒயரைக் கழற்றி, நீட்டி, ஜன்னல் வழியாக உள்ளே தண்டவாளத்துக்கு.

சிக்கல்: குமிழ் வெளியே, ரயில் உள்ளே. யாராவது வெளியே நின்று ஜன்னல் வழியாக ரயிலைப் பார்த்துக்கொண்டே குமிழைத் திருக வேண்டும். நான் ஸ்டூல் உயரத்துக்குக் குனிந்தால் இடுப்பு எழாது. அஃப்ரினை டேங்க் பக்கம் விட மாட்டேன்.

இவர் ஈஸிசேரிலிருந்து எழுந்தார். "தள்ளு. எம்புட்டு வண்டிய ஓட்டிருக்கேன்."

திருகினார். ரயில் பின்னால் போனது. வேகமாக. அகர்பத்தி டப்பா பிளாட்பாரம் தரையில்.

"ரிவர்ஸ்ல விடறதுக்கு முன்னாடி விசில் குடுக்கணும்ல! யாரும் குடுக்கல!"

ஒயரை மாற்றிக் கட்டினதும் முன்னால் போனது. ஒரு சுற்று. ரெண்டு. அஃப்ரின் தரையில் குப்புறப் படுத்து, கன்னத்தைப் பலகையில் வைத்து, எதிரே வருகிற எஞ்சினைப் பார்த்தபடி. ஏழாவது துண்டில் இறங்கிவிட்டது. பரவாயில்லை.

இவர் அரை மணி நேரம் வெயிலில் நின்றார். குடை கொண்டுபோய்க் கொடுத்தேன்.

ஜூன் 24, செவ்வாய்

ரெண்டு நாள் ரயில் இல்லை. பாண்டி கத்தரியில் பூச்சி. டேங்கை எடுத்துப் போனான், இன்று காலை கொண்டுவந்தான். ஞாயிறு வரைக்கும் வைத்துக்கொள்ளலாம். ஞாயிறு மத்தியானம் கட்டாயம் வேண்டுமாம். "வெள்ளைப்பூச்சி டீச்சர். விட்டா எலையெல்லாம் சுருண்டுரும். சாயந்தரம் காத்து அடங்கவும் அடிச்சுப்புடணும்."

ஏழாவது துண்டுக்கு அடியில் கல்யாணப் பத்திரிகை அட்டை மடித்து வைத்தேன். இறங்கவில்லை.

காத்தில் வருகிற மண்தான் பெரிய தொல்லை. தண்டவாளத்தில் படிந்தால் ரயில் விக்குகிறது. ரப்பரால் தேய்த்தால் சரியாகுமாம். வீடியோக் கிழவர் சொன்னாராம். ரப்பர்! பள்ளியிலிருந்து கிளம்பும்போது பிள்ளைகள் விட்டுப்போனதைச் சேர்த்த டப்பா இருக்கிறது. நாற்பது ஐம்பது தேறும். பழ வாசனை அடிக்கிற ரப்பர்கள் இன்னும் வாசனை.

இவர் விசில் கேட்டார். விசில் இல்லாமல் வண்டி எடுக்க மாட்டாராம். என்னுடைய பழைய விளையாட்டுப் பீரியட் விசிலை அஃப்ரினுக்குக் கொடுத்தேன். ஒரு விசில் நிற்க, ரெண்டு விசில் போக. பக்கத்து வீட்டில் கேட்டார்கள், என்ன டீச்சர், பள்ளிக்கூடம் ஆரம்பிச்சுட்டீங்களா என்று.

ஜூன் 27, வெள்ளி

சோதனை ஓட்டம். பள்ளி விட்டு வந்ததும் நாற்பது சுற்று. எட்டு நிமிஷம், சொல்லி வைத்தாற்போல். அதற்குள் நசீமா கூப்பிட்டாள், ஓதப் போகணும். ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் இன்னொரு நாற்பது. ஒரு தடவைகூட நிற்கவில்லை, இறங்கவில்லை.

நாற்பதும் நாற்பதும் எண்பது. ஆக, எரியோடு தயார்.

அஃப்ரின் மாடிப்படியில் நின்று: "டீச்சர், மித்ரா வருவால்ல?"

"பயமா இருக்கா?"

"வராம இருந்துருவாளோன்னு பயம்."

பல் டாக்டர்: மறுபடி தள்ளிவைப்பு.

ஜூன் 28, சனி

வீடு கூட்டி, ஜன்னல் எல்லாம் சாத்தி (ஒன்றைத் தவிர). நசீமா வடைக்கு ஊறப்போட்டாள். இவர் பீரோவைக் குடைந்து பழைய காக்கிச் சட்டையை எடுத்து, தானே இஸ்திரி போட்டார். எதற்கு என்று கேட்கவில்லை. முகத்தில் ஒரு மாதிரி வைராக்கியம்.

ஜூன் 29, ஞாயிறு

எல்லாவற்றையும் வரிசையாக எழுத வேண்டும்.

பத்தரைக்கு ஆறு பேரும் வந்தார்கள். மித்ராவை யாரும் காட்டாமலே தெரிந்தது. ரெட்டை ஜடை, கேள்வித்தாள் கொண்டுவந்த இன்ஸ்பெக்டர் நடை. சுற்றிப் பாய் போட்டு உட்கார்ந்தார்கள். ஜன்னலுக்கு வெளியே இவர், காக்கிச் சட்டையில்.

"யாரு அது?"

"டிரைவரு," என்றாள் அஃப்ரின்.

"கீழ படுத்திருக்கறது?"

"அதுவும் அவருதான்."

அஃப்ரின் ரெண்டு விசில் கொடுத்தாள். இவர் திருகினார். ரயில் 'க்ர்ர்' என்றது. ஒரு சாண் போனது. சக்கரம் இருந்த இடத்திலேயே சுற்றியது. நின்றது.

மறுபடி விசில். அசைவில்லை.

மித்ரா எட்டிப் பார்த்தாள். "இதுதான் எரியோடாடி?"

மூணு பேர் சிரித்தார்கள். அஃப்ரின் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. விசில் வாயிலேயே இருந்தது. மூச்சு விடும்போது லேசாகக் கீச்சிட்டது. அதைக் கேட்கத்தான் எனக்குப் பொறுக்கவில்லை.

ஒயரைப் பார்த்தேன், சரி. பேட்டரி, சரி. கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்தேன். மூக்கில் சந்தன வாசனை.

எஞ்சின் விளக்குக்கு மேலே குங்குமம். ஒவ்வொரு சக்கரத்திலும் ஒரு சந்தனப் பொட்டு, காய்ந்து, கச்சிதமாக. தண்டவாளம் பன்னிரண்டு துண்டும் பளபள.

"ஏங்க. தண்டவாளத்துல என்ன?"

ஜன்னலிலிருந்து: "எண்ணெய்."

"என்ன எண்ணெய்?"

"வெளக்கெண்ண. பூசை போடாம நா ஒரு நாளும் புது ரூட்டுல வண்டி எடுத்ததில்ல. காலைல நீ இட்லி ஊத்திக்கிட்டு இருந்தப்ப..."

"எலுமிச்சம்பழம்?"

"ரெண்டு. ஏற மாட்டேன்னுருச்சு. கையால தள்ளி ஏத்துனேன்."

முப்பத்தெட்டு வருஷக் குடித்தனத்தில் இந்த மனிதர் ரயிலுக்கு நல்லது நினைத்தது இதுதான் முதல் தடவை.

பிள்ளைகளிடம் திரும்பினேன். பார்த்தீர்களா, கரன்ட் தண்டவாளத்தில் வந்து சக்கரம் வழியாக மோட்டாருக்குப் போகிறது. உதாரணத்துக்கு, நீங்கள் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு குளித்தால் என்ன ஆகும்? நனைய மாட்டோம் டீச்சர். அதேதான். ரயிலுக்குத் தாத்தா மழைக்கோட்டு போட்டுவிட்டார். கழற்ற வேண்டும்.

ரப்பர் டப்பாவைக் கவிழ்த்தேன். பன்னிரண்டு துண்டு, ஏழு பிள்ளைகள். சமமாகப் பிரியாது. மித்ரா சொல்லாமலே ரெண்டு துண்டை இழுத்துக்கொண்டாள். கொரோனா காலத்து சானிடைசர் அரை பாட்டில் இருந்தது. பஞ்சில் தொட்டுச் சக்கரத்தை நான் துடைத்தேன். எலுமிச்சை விதை ஒன்று அச்சில் மாட்டியிருந்தது. வீடெல்லாம் ரப்பர் துருவல், ஸ்ட்ராபெரி வாசனை. முக்கால் மணி நேரம். ஒருத்தரும் வீட்டுக்குப் போகிறேன் என்று சொல்லவில்லை. இவர் ஜன்னலிலேயே நின்றார், வெளியே அனுப்பின பையன் மாதிரி.

பதினொன்றரைக்கு ரெண்டு விசில்.

போனது!

ஒன்று. ரெண்டு. சிலேட்டில் அஞ்சஞ்சாகக் கோடு போட்டார்கள். பத்தில் மித்ரா, "இன்னும் நெறைய இருக்கு," என்றாள். இருபது. இருபத்தைந்து. முப்பத்தொன்றில் பாண்டி உள்ளே வந்தான்.

"டீச்சர், டேங்க் எடுத்துட்டுப்..."

"ஷ்ஷ்ஷ்!" ஏழு பேரும்.

பாண்டி செருப்பைக் கழற்றிவிட்டு உட்கார்ந்தான். கொஞ்ச நேரத்தில் அவனும் எண்ணினான். கணக்கில் பதினொன்று வாங்கியவன், ஒன்றுகூட விடவில்லை.

ஐம்பது. அறுபது. அஃப்ரின் வாய் மட்டும் அசைந்தது. எழுபது. எழுபத்து மூணில் மெதுவாச்சு. எழுபத்து நாலில், இவருடைய இடது புருவத்துக்குப் பக்கம், நின்றது.

இவர் குமிழை முழுக்கத் திருகினார். இல்லை. எஞ்சினைத் தொட்டேன். காபி டம்ளர் சூடு. நாற்பதும் நாற்பதும் எண்பது என்பது தாளில்தான். நடுவில் ரெண்டு மணி நேரம் ஆறிய மோட்டாரை நான் கணக்கில் சேர்க்கவே இல்லை. கணக்கு டீச்சர்!

ஒரு பையன்: "ஆறு பாக்கி. அப்ப எரியோடு வரல."

எல்லாரும் அஃப்ரினைப் பார்த்தார்கள். அவள் மித்ராவைப் பார்த்தாள். எஃப்.எம். என்ற சொல்லுக்காகக் காத்திருக்கிறாள் என்று எனக்குத் தெரிந்தது. ஏதாவது சொல்ல வாயெடுத்தேன், ஒரு உதாரணமும் வரவில்லை.

மித்ரா வடையைத் தின்று முடித்து, கையைப் பாவாடையில் துடைத்தாள்.

"அங்க நிக்கும்," என்றாள்.

"எங்க?"

"எரியோட்டுக்குச் செத்த முன்னாடி. எங்க அம்மாச்சி வீட்டுக்குப் போறப்பல்லாம் நிக்கும். எதுத்தாப்புல வண்டி வரும்ல? அது போனாத்தான் இது போகும்."

"எம்புட்டு நேரம் நிக்கும்?" பாண்டி கேட்டான்.

"பத்து நிமிசம்."

ரெண்டு வருஷம் நான் அந்த ரயிலில் போய் வந்தவள். அங்கே நின்றதாக ஒரு நாளும் ஞாபகம் இல்லை. மித்ராவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை, ஜடை நுனியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பத்து நிமிஷம் காத்திருந்தோம். நிஜமாகவே. கடிகாரம் பார்த்து. ஒரு பெண் தலைசாய்த்துத் தூங்குகிற மாதிரி நடித்தாள். ஒருவன் தண்ணி குடித்தான். பாண்டி சிலேட்டால் எஞ்சினுக்கு விசிறினான். ஜன்னலில் இவர், "நிக்கட்டும். நல்லா நிக்கட்டும். எனக்கென்ன அவசரம்," என்றார், குரலில் அப்படி ஒரு திருப்தி.

அஃப்ரின் எஞ்சினைத் தொட்டுப் பார்த்தாள். ரெண்டு விசில்.

எழுபத்தஞ்சு. எழுபத்தாறு. யாரும் கத்தவில்லை, முணுமுணுப்புதான். எழுபத்தெட்டு. எழுபத்தொன்பது. எண்பது. அஃப்ரின் ஒரு விசில் கொடுத்தாள். பிளாட்பாரத்துக்குச் சரியாக வந்து நின்றது. இவர் பிரேக் போடுகிற கை அப்படி.

கைதட்டுவார்கள் என்று நினைத்தேன். தட்டவில்லை. மித்ரா எழுந்து பாவாடையை உதறினாள்.

"எரியோடு வந்துருச்சு. எறங்குங்க."

ஆறு பேரும் எழுந்து, தண்டவாளத்தை மிதிக்காமல், ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். பாண்டியும்.

ஜூன் 30, திங்கள்

காத்து குறைவு. தரையில் இன்னும் ரப்பர் துருவல். பாண்டி போன் பண்ணினான், மருந்து அடித்தாச்சாம், டேங்க் நன்றாக வேலை செய்கிறதாம். இவர் பல் டாக்டரிடம் எனக்கு டோக்கன் போட்டு வைத்திருக்கிறார், நாளைக்குப் பத்தரை. தப்பிக்க முடியாது.

நாலே முக்காலுக்கு அஃப்ரின். பையை எறிந்துவிட்டு உட்கார்ந்தாள். முகம் சரியில்லை.

"என்னாச்சு? மித்ரா ஏதும் சொன்னாளா?"

"சொன்னா டீச்சர். நான் வாயே தெறக்கல, அவதான் எல்லார்ட்டயும் சொன்னா. ரயிலு எரியோட்டத் தாண்டி கரூர் வரைக்கும் போச்சாம். எஞ்சின்ல பொக வந்துச்சாம். காக்கிச் சட்ட போட்ட நெஜ டிரைவராம்."

"கடைசியா சொன்னது சரிதானே? நீ என்ன சொன்ன?"

"எண்பது சுத்துதான் போச்சு, அதுவும் ஆறு சுத்து இருக்கறப்ப சூடாகி நின்னுருச்சுன்னு சொன்னேன்."

"அப்புறம்?"

"ஒருத்தரும் நம்பல."